தத்துவ போதகர் நொபிலி அடிகளார்

விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்று நம் பெரியோர் சொல்லி வைத்தனர். மூன்று நாள் வரை வந்தவருக்குத் தனி உபசாரம் உண்டு. தலைவாழை இலை, வடை, பாயசம் எல்லாம் உண்டு. நான்காம் நாள் முதல் அவர் அந்த வீட்டு வழக்கத்திற்கு வந்தாக வேண்டும். வீட்டார் எழும் நேரத்தில் எழ வேண்டும். அவர்கள் உண்பதை உண்ண வேண்டும். அவர்கள் பேச்சைப் புரிந்துகொள்ள வேண்டும். இல்லையேல் விருந்தாளிக்கும் தொல்லை, வீட்டாருக்கும் தொல்லை. இவ்விதம் நான்காம் நாளைத் தொடங்கி, ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் தமிழர் நடுவே தங்கிவிட்ட ஒரு விருந்தாளியின் வரலாற்றையே இவ்வாண்டு மலரில் நம் வாசகர்களுக்குச் சொல்ல விழைகிறோம். அவர்தாம் தத்துவ போதகர் எனத் தமிழ் மக்கள் அழைத்த இராபர்ட் தெ நொபிலி அடிகளார்.

ஆவடி, அம்பத்தூர், பூவிருந்தவல்லி வட்டாரத்தில் வாழும் நமக்கு இவ்வரலாறு மிக நெருக்கமானது. 1960களில் ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலையும், அம்பத்தூரில் தொழிற்பேட்டையும் எழுந்த நாள் முதல், பாரதத்தின் பல மூலைகளிலிருந்தும் குடும்பங்கள் இங்கே வந்து குடியேறின. தெலுங்கு பேசுவோர், மலையாளம் பேசுவோர், வங்காளத்தார், பஞ்சாபியர் என எத்தனையோ வீட்டுப் பெண்கள் இவ்வட்டாரப் பள்ளிகளில் ஒரே பெஞ்சில் அமர்ந்து படித்திருக்கின்றனர். நம் தென் மாவட்டங்களிலிருந்து வந்தவர்களுக்கும் இந்த ஊர்ப் பேச்சும் தண்ணீரும் முதலில் புதிதாகவே இருந்திருக்கும். புது ஊரில் வேர் ஊன்றுவது எவ்வளவு கடினம் என்பதை நம்மில் பலர் வீட்டிலேயே கேட்டறிந்தவர்கள். எனவே நொபிலி அடிகளாரின் கதை நம் கதையுமாகும்.

செல்வக் குடியில் பிறந்தவர்

நொபிலி அடிகளார் 1577ஆம் ஆண்டு செப்டம்பர் மாதத்தில் உரோமை நகரில் பிறந்தார். அவருடைய முன்னோர் இத்தாலியின் மோந்தெப்புல்சியானோ என்னும் ஊரைச் சேர்ந்த பெருங்குடியினர். பாப்பரசராக விளங்கிய மூன்றாம் ஜூலியஸ் அக்குடும்பத்திற்கு உறவினர். கல்வியிலும் புனிதத்திலும் பெயர் பெற்ற கர்தினால் பெல்லார்மினும் உறவினரே. வேலையாட்கள், குதிரைகள், விருந்துகள், பட்டாடைகள் இவற்றின் நடுவே வளர்ந்த மூத்த பிள்ளை அவர்.

ஆனால் அவருடைய உள்ளம் வேறிடத்தில் இருந்தது. துறவியாகி, தொலைதூர நாடுகளுக்குச் சென்று வேதம் போதிக்க வேண்டுமென்று இளமையிலேயே விரும்பினார். குடும்பத்தார் ஒப்பவில்லை. எனவே வீட்டை விட்டு வெளியேறி நேப்பிள்ஸ் நகருக்குச் சென்று, தம் இருபது வயதை ஒட்டி இயேசு சபையில் சேர்ந்தார். படிப்பை முடித்துக் குருப்பட்டம் பெற்றபின், 1604இல் லிஸ்பன் துறைமுகத்தில் கப்பலேறினார். அக்காலத்துக் கடற்பயணம் உயிரைப் பணயம் வைக்கும் பயணம். ஆப்பிரிக்கக் கரையோரம் மொசாம்பிக் அருகே கப்பல் சேதமுற்றது. எல்லா இன்னல்களையும் கடந்து 1605ஆம் ஆண்டு மே மாதம் 20ஆம் நாள் கோவா வந்து சேர்ந்தார். அங்கும் நோய் அவரை வாட்டியது. பின்னர் கொச்சிக்கும், அங்கிருந்து முத்துக்குளித்துறைக்கும் அனுப்பப்பட்டார். அக்கடற்கரையில்தான் அவர் தமிழ் எழுத்துகளை முதன்முதலில் கற்றார். 1606ஆம் ஆண்டின் இறுதியில் மதுரை மாநகரில் அவருடைய கால் பட்டது. அப்போது அவருக்கு வயது இருபத்தொன்பது.

மதுரையில் கண்டது

மதுரையை அந்நாளில் நாயக்க மன்னர்கள் ஆண்டு வந்தனர். கோபுரங்கள் நிறைந்த நகரம்; கல்விக்கும் சமயத்திற்கும் தலைநகர். அங்கே 1595 முதல் கொன்சாலோ பெர்னாண்டஸ் என்ற போர்த்துகீசிய இயேசு சபைக் குரு பணியாற்றி வந்தார். முன்னாளில் படைவீரராக இருந்தவர், நல்லவர், உழைப்பாளி. ஒரு பள்ளியும், நோயாளிகளுக்கு மருந்து கொடுக்கும் சிறு நிலையமும் நடத்தினார். கடற்கரையிலிருந்து வாணிபத்திற்காக மதுரை வந்த பரதவக் கிறிஸ்தவர்களின் ஆன்ம நலனைக் கவனித்தார். ஆயினும் பதினோர் ஆண்டுகள் பாடுபட்டும், மதுரை மக்களுள் எவரும் அவருடைய போதனைக்குச் செவி கொடுக்கவில்லை.

இதற்குக் காரணம் என்னவென்று இளங்குரு நொபிலி கூர்ந்து கவனித்தார். போர்த்துகீசியரை மக்கள் பறங்கியர் என்று அழைத்தனர். அச்சொல்லைச் சொல்லும்போதே அவர்கள் முகம் சுளித்தது. பறங்கியர் மாட்டிறைச்சி உண்பவர், மது அருந்துபவர், நாள்தோறும் நீராடாதவர் என்பது மக்கள் கொண்டிருந்த எண்ணம். கிறிஸ்தவ வேதத்தில் சேருவதென்றால் பறங்கியர் குலத்தில் சேருவது என்றே அவர்கள் பொருள் கொண்டனர். கடற்கரையில் திருமுழுக்குப் பெற வந்தவர்களிடம் பறங்கிக் குலத்தில் சேரச் சம்மதமா என்றே கேட்கும் வழக்கமும் இருந்து வந்தது. அப்படியிருக்க, மதுரையார் விலகி நின்றதில் வியப்பென்ன?

கிறிஸ்து பெருமானின் போதனையை மக்கள் மறுக்கவில்லை. அதைக் கேட்கவே இல்லை. வாசலில் நிற்பவரின் உடையும் உணவும் நடத்தையும் அவர்களை வாசற்படியிலேயே தடுத்துவிட்டன. இதை உணர்ந்த நொபிலி அடிகளார் ஒரு முடிவுக்கு வந்தார். மக்கள் தம்மைப் போல் மாறவேண்டும் என்று காத்திருப்பதை விட, தாம் மக்களைப் போல் மாறுவதே முறை என்பதுதான் அம்முடிவு. மாநில அதிபராயிருந்த அல்பெர்த்தோ லயர்சியோ அடிகளாரும், கிராங்கனூர் பேராயர் பிரான்சிஸ் ரோஸ் ஆண்டகையும் அதற்கு இசைவு தந்தனர்.

உணவும் உடையும் உறைவிடமும்

1607ஆம் ஆண்டில் அவர் பெர்னாண்டஸ் அடிகளின் இல்லத்தை விட்டு நீங்கி, உயர்குலத்தார் வாழ்ந்த பகுதியில் மண்சுவரும் கூரையும் கொண்ட சிறு வீட்டில் குடியேறினார். கறுப்பு அங்கியையும் தோல் காலணியையும் களைந்தார். காவி ஆடை உடுத்தி, தோளில் ஒரு மேலாடையைப் போர்த்தி, தலையில் துணி சுற்றி, காலில் மரப்பாதுகை அணிந்து, கையில் தண்டமும் கமண்டலமும் ஏந்தித் துறவியாகக் காட்சி தந்தார். நெற்றியில் சந்தனம் இட்டுக்கொண்டார். சில காலம் மூன்று பொன்னிழையும் இரண்டு வெள்ளியிழையும் கொண்ட நூலில் சிலுவையைக் கோத்து மார்பில் அணிந்திருந்தார்.

உடையை மாற்றுவது ஒரு நாள் வேலை. உணவை மாற்றுவதோ உடம்போடு நடத்தும் போராட்டம். பாம்பு தின்னும் ஊருக்குப் போனால் நடுத்துண்டம் நமக்கு என்று வேடிக்கையாகச் சொல்வோம். நொபிலி அடிகளார் சென்ற ஊரிலோ இறைச்சியையே தொடக்கூடாது. ரொட்டியும் இறைச்சியும் திராட்சை மதுவும் உண்டு வளர்ந்தவர், அவை அனைத்தையும் அடியோடு விட்டார். மீனும் இல்லை, முட்டையும் இல்லை. நாளுக்கு ஒரே வேளை உணவு. அதுவும் சோறு, காய்கறி, கீரை, பால். சமைப்பதற்கு ஒரு பிராமணர் அமர்த்தப்பட்டார். தரையில் சம்மணமிட்டு அமர்ந்து, இலையில் இட்ட சோற்றைக் கையால் உண்ணப் பழகினார். நாற்காலியில் அமர்ந்தே பழகிய முழங்கால்களுக்கு அது எத்தகைய வேதனை தந்திருக்கும் என்பதை நாம் எண்ணிப் பார்க்கலாம். இந்தக் கடின வாழ்வில் அவருடைய உடல் மெலிந்தது. ஆயினும் வாழ்நாள் இறுதி வரை அந்த உணவு முறையை அவர் கைவிடவில்லை.

வீட்டு வழக்கங்களையும் கற்றார். நாள்தோறும் நீராடிய பின்னரே திருப்பலி நிறைவேற்றினார். வந்தவர்களை எப்படி வரவேற்பது, பெரியோர் முன் எப்படி அமர்வது, எந்தக் கையால் கொடுப்பது, எப்போது பேசுவது, எப்போது மௌனமாயிருப்பது, இவையெல்லாம் எந்த நூலிலும் எழுதப்படாத பாடங்கள். அவற்றைப் பார்த்தும் கேட்டும், தவறினால் திருத்திக்கொண்டும்தான் கற்க முடியும். தம்மைக் காண வந்த அயலாரே அவருக்கு ஆசிரியர்களாயினர்.

தமிழ் கற்ற மாணவர்

மொழியைக் கற்பதில் அவர் காட்டிய ஊக்கம் மாணவியராகிய நமக்குச் சிறந்த எடுத்துக்காட்டு. சில மாதங்களிலேயே மொழிபெயர்ப்பாளர் துணையின்றித் தமிழில் பேசத் தொடங்கினார். நாயக்கர் அரண்மனையில் தெலுங்கு வழங்கியதால் அதையும் கற்றார். பின்னர் சிவதர்மர் என்னும் தெலுங்குப் பிராமண அறிஞரிடம் வடமொழி பயின்றார். வேதங்களை வேற்று நாட்டாருக்குக் கற்பிப்பது பெருங்குற்றமாகக் கருதப்பட்ட காலம் அது. அந்த ஆபத்தைப் பொருட்படுத்தாமல் சிவதர்மர் தம் மாணவருக்கு வேதங்களின் வாயிலைத் திறந்துவிட்டார். கற்பித்தவருடைய துணிவையும் நாம் மறக்கலாகாது.

மதுரையில் ஒரு பள்ளி ஆசிரியர் அவரிடம் வந்து வாதிட்டார். ஒரு நாள் இரண்டு நாள் அல்ல. இருபது நாட்கள், நாள்தோறும் நான்கைந்து மணி நேரம் அவ்விவாதம் நடந்தது. கடவுள் ஒருவரா பலரா, உலகைப் படைத்தவர் யார், உயிருக்கு மறுபிறவி உண்டா என்று கேள்விகள் எழுந்தன. நொபிலி அடிகளார் சினம் கொள்ளாமல் ஒவ்வொன்றிற்கும் விடையளித்தார். இறுதியில் அவ்வாசிரியர் திருமுழுக்குப் பெற்றார். பதினோர் ஆண்டுகள் திறவாத கதவு அன்று திறந்தது.

பேச்சோடு நில்லாமல் எழுத்திலும் அவர் ஈடுபட்டார். ஞானோபதேசம், ஆத்தும நிருணயம், தூஷணத் திக்காரம் முதலிய நூல்களைத் தமிழ் உரைநடையில் எழுதினார். தமிழில் செய்யுளே கோலோச்சிய காலத்தில், ஆழ்ந்த தத்துவப் பொருளை உரைநடையில் எழுதிய முன்னோடிகளுள் அவர் ஒருவர். அவருடைய நடையில் வடசொற்கள் மிகுதி என்பது உண்மையே. அது அக்கால அறிஞர் நடை.

அவருக்கு முன் கடற்கரைக் கிறிஸ்தவர்களின் செபங்களில் போர்த்துகீசியச் சொற்கள் பல கலந்திருந்தன. கோவிலுக்கும் திருப்பலிக்கும் கூட அந்நியச் சொற்களே வழங்கின. நொபிலி அடிகளாரோ நம் நாட்டுச் சொற்களையே தேர்ந்தெடுத்தார். கோவில், பூசை, குரு, வேதம், அருள், பிரசாதம் ஆகியன அவரால் கிறிஸ்தவ வழக்கிற்கு வந்த சொற்கள். நம் பாட்டிமார் ஞாயிறுதோறும் பூசைக்குப் போகிறோம் என்று சொல்லி வந்ததற்கு அவருக்கன்றோ நன்றி கூற வேண்டும்!

நம் பண்டிகைகளையும் அவர் தள்ளிவிடவில்லை. புத்தரிசியைச் சிலுவையின் அடியில் பொங்கி, இறைவனுக்கு நன்றி செலுத்திப் பொங்கல் கொண்டாடக் கிறிஸ்தவர்களுக்கு அனுமதி தந்தார். குடுமியும் சந்தனமும் பூணூலும் சமூக வழக்கங்களே. அவற்றிற்காக ஒருவர் கிறிஸ்துவைப் பின்பற்ற முடியாமல் போகக்கூடாது என்பது அவருடைய வாதம்.

சொந்த வீட்டில் எழுந்த எதிர்ப்பு

அந்நியர் அவரை ஏற்கத் தொடங்கியபோது, சொந்தச் சகோதரர் வருந்தினர். பெர்னாண்டஸ் அடிகள் வயதில் மூத்தவர். மதுரையில் முதன்முதல் நொபிலிக்கு இடமளித்தவரும் அவரே. அவருடைய இல்லத்தை விட்டுப் பிரிந்து, தாம் பறங்கியர் அல்லர், உரோமை அரச மரபில் வந்த துறவி என்று நொபிலி கூறிக்கொண்டது முதியவரின் மனத்தைப் புண்படுத்தியது. இது வெறும் பொறாமை என்று நாம் ஒதுக்கிவிடலாகாது. அவரும் இம்மக்களின் சடங்குகளை ஆராய்ந்து 1616இல் ஒரு நூலே எழுதியவர். சடங்கு எது, சமயம் எது என்று அவ்வளவு எளிதாகப் பிரிக்க முடியுமா என்பதே அவருடைய கேள்வி.

1610 முதல் முறையீடுகள் மேலிடங்களுக்குச் சென்றன. நொபிலி வேற்றுச் சமயத்தில் சேர்ந்துவிட்டார் என்ற வதந்தி உரோமை வரை பரவியது. கர்தினால் பெல்லார்மினே வருந்திக் கடிதம் எழுதினார். தன்னைப் பெருமையாக எண்ணியிருந்த உறவினரின் வருத்தம் அடிகளாரை எவ்வளவு வாட்டியிருக்கும்! ஆயினும் அவர் சீற்றம் கொள்ளவில்லை. ஒவ்வொரு குற்றச்சாட்டிற்கும் நூல்களை ஆராய்ந்து, இலத்தீன் மொழியில் விரிவாக விடை எழுதி அனுப்பினார். உண்மையை அறிந்த பெல்லார்மின் பின்னர் அவருக்கு ஆதரவாளரானார்.

இடைப்பட்ட ஆண்டுகளில் அவருடைய பணிக்குப் பல தடைகள் விதிக்கப்பட்டன. 1619இல் கோவாவில் கூடிய சபையில் அவர் நேரில் நின்று தம் முறையை விளக்கினார். அங்கும் துறவுக் கோலத்தை மாற்றிக்கொள்ளவில்லை. கோவாப் பேராயர் உள்ளிட்ட பலர் அவரை எதிர்த்தனர். வழக்கு உரோமைக்குச் சென்றது. 1623ஆம் ஆண்டு ஜனவரி 31ஆம் நாள் பாப்பரசர் பதினைந்தாம் கிரகோரியார், மூடநம்பிக்கையை நீக்கிய பின் அவ்வழக்கங்களை அனுமதிக்கலாம் என்று ஆணை வெளியிட்டார். பதின்மூன்று ஆண்டுகள் நீடித்த சோதனை ஒருவாறு நீங்கியது. இத்தனை காலமும் கீழ்ப்படிதலை மீறாமலும், கொள்கையைக் கைவிடாமலும் அவர் காத்திருந்தார்.

அனுமதி கிடைத்த அந்த ஆண்டிலேயே மதுரையை விட்டுத் திருச்சிராப்பள்ளி, சேந்தமங்கலம், சேலம் பகுதிகளுக்குப் பயணம் மேற்கொண்டார். முதுமையிலும் துன்பம் அவரை விடவில்லை. 1640இல் மதுரையில் சிறை வைக்கப்பட்டார். திருமலை நாயக்க மன்னரின் ஆணையால் பின்னர் விடுதலை பெற்றார்.

மறைக்கக்கூடாத ஒரு குறை

பெரியோரின் வரலாற்றைச் சொல்லும்போது நிறைவை மட்டும் சொல்லிக் குறையை மறைப்பது நேர்மையாகாது. நொபிலி அடிகளார் தாம் குடியேறிய வீட்டின் வழக்கங்களை ஏற்றபோது, அவ்வீட்டில் எழும்பியிருந்த ஒரு சுவரையும் ஏற்றுக்கொண்டார். அச்சுவர் சாதி. உயர்குலத்தார் தம்மிடம் வரவேண்டும் என்பதற்காக, மற்றவர்களோடு நெருங்கிப் பழகாமல் விலகி வாழ்ந்தார். மதுரையில் இரு சாராருக்கும் தனித்தனிக் கோவில்கள் இருந்தன. சாதி சமூக வேறுபாடு மட்டுமே, காலப்போக்கில் அன்பு அதைக் கரைத்துவிடும் என்று நம்பியவர்கள் அன்று பலர். அது அவ்வளவு எளிதில் கரையவில்லை. திருநெல்வேலிச் சீமையின் வடக்கன்குளத்தில், ஒரே ஆலயத்திற்குள் மக்களைப் பிரித்து நின்ற சுவர் 1910இல்தான் இடிக்கப்பட்டது. பிற ஊர்களில் கல்லறைகளிலும் தேர்த் திருவிழாக்களிலும் இந்த வேற்றுமை இன்னும் தலைகாட்டுவதை நாம் அறிவோம்.

இக்குறையை அடிகளாரும் அவருடைய தோழர்களும் உணராமல் இல்லை. எளியோருக்கும் பணி செய்ய வேண்டுமே என்ற கவலையால், 1640ஆம் ஆண்டளவில் பண்டார சுவாமிகள் என்ற வகைத் துறவியர் தோன்றினர். எல்லாக் குலத்தாரோடும் பழகக்கூடிய கோலம் அது. பால்தசார் தா கோஸ்தா அடிகள் அவர்களுள் முதல்வர். பிற்காலத்தில் ஓரியூரில் 1693இல் இரத்தம் சிந்திய புனித அருளானந்தரும் பண்டார சுவாமியாக வாழ்ந்தவரே. ஆகவே, ஒருவர் தொடங்கியதன் குறையை அடுத்து வந்தவர்கள் ஓரளவு நிறைவு செய்ய முயன்றனர் எனலாம்.

மயிலையில் மாலைக் காலம்

முதுமையில் அடிகளாரின் கண்பார்வை மங்கத் தொடங்கியது. 1640களின் பிற்பகுதியில் மேலதிகாரிகள் அவரை ஓய்வுக்காக யாழ்ப்பாணத்திற்கும், பின்னர் மயிலாப்பூருக்கும் அனுப்பினர். மயிலையில் போர்த்துகீசியரின் சாந்தோம் நகரம் இருந்தது. அங்கே சபையாரின் இல்லத்தில் கட்டிலும் மேசையும் பணிவிடையும் கிடைத்திருக்கும். ஆனால் அவர் நகருக்கு வெளியே ஒரு மண்குடிசையைத் தேர்ந்துகொண்டார். தம்முடன் வந்த சில பிராமணச் சீடர்களோடு, பழைய காவியுடையிலேயே, பழைய கீரைச் சோற்றிலேயே காலம் கழித்தார். ஐரோப்பியர் நகரத்தை அடுத்து வாழ்ந்தும் அவர் மீண்டும் ஐரோப்பியராகவில்லை. எழுத இயலாத கண்களோடு, தம் தமிழ் நூல்களைச் சீடர்களுக்கு வாயால் சொல்லித் திருத்தி எழுதச் செய்தார்.

நம் வட்டாரத்து வரலாற்றோடு இக்காலத்தைச் சேர்த்துப் பார்ப்பது சுவையானது. 1639இல் ஆங்கிலேயருக்குக் கடற்கரையில் இடம் அளித்துச் சென்னைப் பட்டினம் உருவாகக் காரணமானவர்கள் தாமர்ல வெங்கடப்ப நாயக்கரும் அவர் தம்பி அய்யப்ப நாயக்கரும் ஆவர். அய்யப்ப நாயக்கர் நம் பூவிருந்தவல்லியிலிருந்தே இப்பகுதியைக் கவனித்து வந்தார். நொபிலி அடிகளார் மயிலையின் குடிசையில் தங்கிய நாட்களில், வடக்கே சில மைல் தொலைவில் புனித ஜார்ஜ் கோட்டை புதிதாக நின்றுகொண்டிருந்தது. கோட்டைக்குள் இருந்தவர்கள் தங்கள் நாட்டு உடையோடும் உணவோடும் மதிலுக்குள் வாழ்ந்தனர். குடிசையில் இருந்தவரோ மதில் ஏதுமின்றித் தமிழரோடு தமிழராய் வாழ்ந்தார்.

1656ஆம் ஆண்டு ஜனவரி 16ஆம் நாள் மயிலையில் அவருடைய ஆவி இறைவனிடம் சேர்ந்தது. அப்போது அவருக்கு வயது எழுபத்தெட்டு.

அவர் மறைந்த பின்னும் அவருடைய முறைபற்றிய வழக்கு ஓயவில்லை. 1704இல் புதுச்சேரியில் கர்தினால் தூர்னோன் வெளியிட்ட ஆணை அவ்வழக்கங்களுள் பலவற்றைத் தடை செய்தது. ஆனால் அவர் ஊன்றிய விதை அழியவில்லை. வீரமாமுனிவர் போன்றோர் அவர் வழியில் தமிழ் கற்றுத் தமிழுக்கு அணி செய்தனர். 1962 முதல் 1965 வரை நடைபெற்ற இரண்டாம் வத்திக்கான் சங்கம், அந்தந்த நாட்டு மொழியையும் பண்பாட்டையும் மதித்து ஏற்கும்படி திருச்சபைக்கு வழிகாட்டியது. அதன் பின்னரே நம் ஆலயங்களில் திருப்பலி முழுவதும் தமிழில் ஒலிக்கத் தொடங்கியது. 1960களில் இயேசு சபை அறிஞர் இராசமாணிக்கம் அடிகள் நொபிலியின் தமிழ் நூல்களை ஆராய்ந்து பதிப்பித்தார். மூன்று நூற்றாண்டுக்குப் பின் அவருடைய உழைப்பு மீண்டும் தமிழர் கைக்கு வந்தது.

நாம் கற்கும் பாடம்

அன்பு மாணவியரே, நம்மில் பலர் நாளை வேறு வீட்டுக்கும் வேறு ஊருக்கும் செல்லப் போகிறவர்கள். சிலர் கல்லூரி விடுதிக்கு, சிலர் வேலை கிடைத்த ஊருக்கு, சிலர் புகுந்த வீட்டுக்கு, சிலர் துறவு மடத்திற்கு. அங்கே சோற்றின் பதம் வேறாயிருக்கும். குழம்பின் காரம் வேறாயிருக்கும். பேச்சும் பழக்கமும் வேறாயிருக்கும். எங்கள் வீட்டில் இப்படி இல்லையே என்ற முணுமுணுப்பு நாவின் நுனியில் வந்து நிற்கும். அந்நேரத்தில் நொபிலி அடிகளாரை நினைப்போம். மாளிகையில் பிறந்தவர் மண்வீட்டில் வாழக் கற்றார். முதிர்ந்த அறிஞர் மீண்டும் அரிச்சுவடி மாணவரானார். உணவையும் உடையையும் விட்டுக்கொடுப்பதால் நாம் யாரும் குறைந்துபோவதில்லை.

ஆனால் எல்லாவற்றையும் விட்டுக்கொடுக்க வேண்டுமா? இல்லை. அடிகளார் தம் செபத்தையும் விசுவாசத்தையும் ஒரு நாளும் விட்டுக்கொடுக்கவில்லை. அதேபோல் புது வீட்டின் வழக்கங்கள் எல்லாவற்றையும் கண்ணை மூடிக்கொண்டு ஏற்கவும் வேண்டியதில்லை. ஒருவரைத் தாழ்த்தும் வழக்கம், ஒருவரை வாசலுக்கு வெளியே நிறுத்தும் வழக்கம், பெண்ணை அழவைக்கும் வழக்கம், இவை வழக்கம் என்ற பெயரில் வந்தாலும் அநீதியே. அடிகளார் தாம் வாழ்ந்த காலத்தில் சாதிச் சுவரைத் தகர்க்கவில்லை. அந்த வேலையை நம் கையில் விட்டுச் சென்றிருக்கிறார். எதை ஏற்பது, எதை எதிர்ப்பது என்று பகுத்தறியவே நம் பெற்றோர் நம்மைப் படிக்க வைக்கின்றனர்.

வீட்டுக்காரராக நிற்பவர்களுக்கும் இதில் பாடம் உண்டு. நொபிலியிடம் வந்து வாதிட்ட பள்ளி ஆசிரியரும், ஆபத்தை அஞ்சாமல் கற்பித்த சிவதர்மரும் இல்லாவிடில் அடிகளாரின் முயற்சி பாழாகியிருக்கும். புதிதாக வந்தவர் நம் வழக்கத்தைக் கற்கப் பாடுபடும்போது, அவர் உச்சரிப்பைக் கேட்டுச் சிரிக்காமல் ஒரு சொல்லைச் சொல்லிக் கொடுப்பது நம் கடமை. நம் வகுப்பிலும் தெருவிலும் இப்பணிக்கு இடமில்லாத நாள் இல்லை.

ஆவடியிலிருந்தும் அம்பத்தூரிலிருந்தும் மயிலை அதிகத் தொலைவில் இல்லை. அடிகளார் மறைந்த ஜனவரி 16ஆம் நாள், நம் பொங்கல் விடுமுறையை ஒட்டியே வருகிறது. அந்நாட்களில் சாந்தோம் பேராலயத்திற்குச் செல்லும் வாய்ப்பு வரும்போது, அப்பகுதியில் ஒரு மண்குடிசையில் தமிழ்ச் சொற்களைத் தேடிக்கொண்டிருந்த பார்வை மங்கிய முதியவருக்காக ஒரு நிமிடம் செபிப்போம். அவர் தந்த சொற்களாலேயே அச்செபத்தைச் சொல்லலாம்.